மணிச் சத்தத்துக்குப் பின்வாங்கிய கை

தங்கச் சுரங்கத்தில் நான் என்ஜின் ஓட்டிவந்த ஷாஃப்ட்டை, அதாவது ஆட்கள் இறங்கும் செங்குத்துக் குழியை, அறுபதுகளின் நடுவில் மூடினார்கள். சபையில் மூத்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். பெங்களூரில் கல்லூரிப் படிப்புப் படித்தவன், தேர்வெழுதி வைண்டிங் என்ஜின் டிரைவர் என்ற சான்றிதழ் பெற்றவன், இந்தச் சபையில் மூப்பன். அப்படிப்பட்ட ஒருவன் நாற்பது வயதைக் கடந்தபின் பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருப்பது எத்தகையது என்பதை நான் விவரிக்கப்போவதில்லை. போதகர் ஐயா பலமுறை கேட்டுக்கொண்டிராவிட்டால் இந்தச் சாட்சியை எழுதியிருக்கவும் மாட்டேன்.

சுரங்கத்தை அறியாத இளையோருக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்களைப் பூமிக்குள் ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டைக் கேஜ் என்போம். அதை மேலே என்ஜின் கூடத்திலிருந்து இயக்குபவனே வைண்டிங் டிரைவர். ஆழத்தில் நிற்கும் கேஜை அவன் காண்பதில்லை. மணிச் சத்தம்தான் அவனுக்குக் கண். நிற்கும் கேஜுக்கு ஒரு மணி அடித்தால் மேலே ஏற்ற வேண்டும். இரண்டு மணி அடித்தால் கீழே இறக்க வேண்டும். இறக்குவதற்கு எங்கள் என்ஜினில் லீவரைப் பின்னால் இழுப்போம். என் கையை நம்பி இறங்கிய எவரும் என் கையால் அடிபட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது விளங்குவதற்காகச் சொல்கிறேன்.

மற்ற ஷாஃப்ட்டுகளில் எனக்கு இடம் இல்லை. சுரங்கத்துக்கு வெளியே, தரைமேல் கூலி வேலை தருவதாகச் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. கம்பெனி வீட்டைக் காலி செய்யவேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ஆண்டர்சன்பேட்டையில் பஸ் வைத்திருந்த ஒரு முதலாளி, என்மேல் இருந்த மரியாதையின் பேரில் என்னை அழைத்து ஆள் அனுப்பினார். என்னிடம் லாரி ஓட்டும் லைசென்ஸ் இருந்தது. பயணிகளை ஏற்றிச்செல்ல அது போதாது. தனியாக ஒரு தேர்வில் தேறிப் பேட்ஜ் வாங்க வேண்டும். பேட்ஜோடு வந்தால் பங்காருப்பேட்டை வண்டி எனக்கு என்றார்.

முதல் தேர்வு மைசூர் மைன்ஸ் பக்கத்து மைதானத்தில் நடந்தது. முதலாளியின் பஸ்ஸிலேயே மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் எனக்குப் பின் இருக்கையில் அமர்ந்தார். முதலாளியின் கண்டக்டர் முனிசாமி படியருகே நின்றான். வண்டியை எடுக்கச்சொல்லி அவன் மணிக்கயிற்றை இருமுறை இழுத்தான். பஸ்ஸில் இரண்டு மணி என்றால் புறப்படு என்று பொருள். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தப் பித்தளை மணி தலைக்குமேல் இரண்டுமுறை ஒலித்ததும் என் கை என்னைக் கேட்கவில்லை. கியரைப் பின்னால் இழுத்து ரிவர்ஸில் போட்டது. பஸ் பின்னோக்கிச் சென்று, அங்கே நின்றிருந்த காய்கறி வண்டியின் அருகில் போய்த்தான் நின்றது. வண்டிக்காரி அலறிக்கொண்டு விலகினாள்.

மைதானத்தில் வேடிக்கை பார்த்தவர்களில் பலர் என்னோடு வேலை செய்தவர்கள். "இன்னா மூப்பரே, பஸ்ஸ பாதாளத்துக்கு எறக்கறீங்களா?" என்றான் ஒருவன். இன்னொருவன், சுரங்கத்தில் எந்த ஆழத்துக்கு என்று கேட்பதுபோல, "எந்த லெவலு ஐயா?" என்று கேட்டான். நான் இறங்கி நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நான் போவதற்கு முன்பே அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது.

வீட்டில் பயிற்சி செய்தேன். என் மனைவி ஞானசுந்தரி சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் இருமுறை தட்டுவாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கையை முன்னால் தள்ளுவேன். ஒருமுறைகூடப் பிசகவில்லை. இரண்டாம் தேர்வில் மணி ஒலித்தது. கை மறுபடியும் பின்னால் போனது.

"இன்னாங்க, தட்டுல அடிச்சா நல்லாத்தான் பண்றீங்க. பஸ்ல ஏறினா மட்டும் இன்னா ஆவுது?" என்று அவள் கேட்டாள்.

இன்னும் ஒருமுறைதான் காத்திருக்க முடியும் என்று முதலாளி சொல்லியனுப்பினார். வேலூரில் என் மைத்துனர் தமது துணிக்கடையில் ஒரு மூலையில் உட்காரவைப்பதாக எழுதியிருந்தார். அவர் நல்ல மனதோடுதான் எழுதினார். ஆனாலும் அந்தக் கடையில் நான் உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது எனக்கு உயிரோடிருக்க ஆசை அற்றுப்போயிற்று. இந்த வார்த்தையைக் குறைத்து எழுத முடியாது.

சபையில் நீண்ட ஜெபங்களை ஏறெடுத்துப் பழகிய எனக்கு அந்நாட்களில் நாவு எழவில்லை. ஒன்றையே கேட்டேன். "ஆண்டவரே, என் கையை மாற்றும். அதன் பழக்கத்தை எடுத்துப்போடும்." வாரக்கணக்கில் அதையே கேட்டேன். கை மாறவில்லை. தனியே நிற்கும்போது தேவாலய மணி ஒலித்தாலும் என் இடக்கை தானாக அசைவதைக் கண்டேன். மூன்றாம் தேர்வுக்கு முந்தைய மாலையில் முழங்காலிட்டேன். நெடுநேரம் அப்படியே இருந்தேன். கேட்பார் யாருமில்லை என்று அப்போது முடிவுசெய்தேன். எழுந்து, வேலூருக்குச் சாமான்களைக் கட்டிவைக்கச் சொன்னேன். ஞானசுந்தரி பாத்திரங்களைச் சாக்கில் போடத் தொடங்கினாள்.

மறுநாள் காலை, தோற்கப்போகிறவனாகவே மைதானத்துக்குப் போனேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். முனிசாமி ஜன்னலோரம் வந்து நின்றான்.

"ஐயா, மணி அடிக்காது. கவுறு அறுந்துபோச்சி. நா வாயாலயே சொல்றேன், கேட்டுக்குங்க."

இன்ஸ்பெக்டர் என்ன சொல்வாரோ என்று அஞ்சினேன். வேறு நாளுக்கு வரச்சொன்னால் எனக்கு வேறு நாள் இல்லை. அவர் கயிற்றின் நுனியைப் பார்த்தார். வண்டியை எடுக்கவும் நிறுத்தவும் கண்டக்டர் தெளிவாகத் தெரிவித்தால் போதும், வாயால் சொன்னாலும் சரி என்று கன்னடத்தில் கூறிவிட்டு அமர்ந்தார்.

முனிசாமி பஸ்ஸின் பக்கத் தகரத்தில் கையால் தட்டி, "ரைட், ரைட்" என்றான்.

என் கை முன்னால் போனது. பஸ்ஸும் முன்னால் போனது. ஆண்டர்சன்பேட்டைக் கடைவீதியைச் சுற்றினோம். அவன் சொன்ன இடத்திலெல்லாம் நிறுத்தினேன், சொன்னபோதெல்லாம் எடுத்தேன். திரும்பி வந்ததும் இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டார். நான் ஸ்டியரிங்கின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அதை யாரும் பார்க்கவில்லை என்றே நம்புகிறேன்.

என்மேல் இரக்கப்பட்டு முனிசாமிதான் கயிற்றை அறுத்தான் என்று பிற்பாடு ஒரு பேச்சு எழுந்தது. ஏமாற்றிப் பெற்ற பேட்ஜை அணிந்து நான் வண்டியில் ஏறமாட்டேன். ஆகவே அவனை நேரில் நிறுத்திக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான்.

"நா எதுக்குங்கய்யா அறுக்கணும்? மொதநாள் சாயங்காலம் பாலகாட்டு மைன்ஸாண்ட ஒரு ஆயா ஏறுச்சி. ஒக்கார எடமில்ல. கவுறப் புடிச்சி தொங்கினே வந்துச்சி. வுடு ஆயான்னா, வுட்டா வுழுந்துடுவேன்டான்னுச்சி. அப்பவே பிஞ்சிபோச்சி."

முதலாளியிடம் என் கையைப்பற்றி ஒளிக்காமல் சொன்னேன். நான் ஓட்டும் வண்டியில் மணி கட்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் இசைந்தார். பங்காருப்பேட்டைக்குப் போகும் அந்த வண்டி இன்றளவும் கண்டக்டரின் குரலுக்குத்தான் நகர்கிறது. வேலை இழந்த எல்லாருக்கும் இவ்வாறு வழி திறக்கவில்லை. ஊரைவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஏன் திறந்தது என்று நான் அறியேன். ஆனால் அதன்பின் என் ஜெபம் குறுகிவிட்டது. என்ன செய்யவேண்டும் என்று தேவனுக்கு நான் சொல்லிக்கொடுப்பதில்லை.

அருமையானவர்களே, ஜெபித்து ஜெபித்துச் சோர்ந்து, போதும் என்று எழுந்துவிட்டவர்கள் உங்களுள் இருக்கலாம். அவர்களுக்காகவே இதை எழுதினேன். கேட்பாரில்லை என்று நான் முழங்காலிலிருந்து எழுந்த அதே மாலையில், பாலகாட்டில் ஏறிய ஒரு முதிய தாய் கீழே விழாதிருக்க அந்தக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீங்களும் அவ்வாறே ஆண்டவரைப் பற்றிக்கொள்ளுங்கள்.