நாவலில் இல்லாத கடிதம்

எங்கள் வாசகர் வட்டத்தில் புத்தகத்தை முழுசாகப் படித்துவிட்டு வருகிறவர் ஒரே ஒருவர்தான். லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாக அடுத்தவர்கள் ஏறி இறங்க உழைத்தவர். வேலைக்கு நடுவே மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து படிப்பார். பக்க ஓரமெல்லாம் கிரீஸ் ரேகை. நூலகரான நான் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை எடுத்துக்கொண்டது புதிதாக வந்த நாவல். நாயகன் பொய்யன், கோழை. ஆனாலும் அவனை வெறுக்க முடியவில்லை. பேச்சு சூடுபிடித்தபோது மெக்கானிக் தொண்டையைச் செருமினார்.

“பொண்டாட்டி எழுதின பரீட்சைக்குத் தபால்ல வந்த வேலை உத்தரவை ஒளிச்சு வெச்சுட்டு, நீ தேறலைன்னு நம்ப விடறானே, அதை என்ன சொல்றீங்க?”

அவ்வளவுதான். “வெளியூர் போயிடுவாளோன்னு பயந்திருப்பான்” என்றார் பல் டாக்டர். “பயமாவது! தான் ஒரு மக்குன்னு நினைச்சே அவ காலம் பூரா குறுகிப் போயிருப்பாளே!” என்று சீறினார் கணக்கு டீச்சர். அரை மணி நேரம் அடித்துக்கொண்டோம். நானும் எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

மறுநாள் அந்த இடத்தைத் தேடினேன். இரண்டு தடவை புரட்டியும் அப்படி ஒரு கடிதமே இல்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். “நான் பாதிதான் படிச்சேன், மிச்சத்துல இருக்கும்னு நினைச்சேன்” என்றார். டீச்சர் முதல் பாதியை விட்டுவிட்டாராம். எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

அப்படியானால் மெக்கானிக் அதை எங்கே படித்தார்? குறுகுறுப்பு தாங்கவில்லை. அடுத்த வாரம் நூலக வாசலிலேயே பிடித்துக் கேட்டேன்.

“எங்கேயும் படிக்கல மேடம். நான் செஞ்சது. இருபத்தாறு வருஷம் ஆச்சு. நான்தான்னு சொன்னா மூஞ்சிக்கு நேரா யாரும் உண்மையைச் சொல்ல மாட்டீங்க. அதான் அவன் தலையில போட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. “வீட்ல சொல்லிட்டீங்களா?”

“திட்டுவாளேன்னுதான் இத்தனை நாள் பயந்தேன். டீச்சர் சொன்ன மாதிரி ஒரு நாளும் யோசிச்சதில்ல. அன்னிக்கே போய்ச் சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“திட்டவே இல்ல மேடம். அடுப்பை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்தா. ‘அப்போ நான் பாஸா?’ன்னு கேட்டா. ஆமான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும், ‘நிஜமாவே பாஸா?’ன்னா.”