கால் தகட்டின் மூன்று எழுத்துகள்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு கேமரா முக்காலிக்குத் திருகு முடுக்கியது. ஜனவரியின் கடைசி ஞாயிறு. திருவனந்தபுரம் வலியசாலை வீட்டுக் கூடத்தில் புது முக்காலியைப் பிரித்துப் போட்டிருந்தோம். கேமராவின் அடியில் பொருத்தும் தகட்டை நான் பிடித்துக்கொண்டேன். அப்பா திருகினார்.

"கேசவா, லென்ஸ்லேதான் ஏதோ இருக்கோன்னு எனக்கொரு சம்சயம்."

"லென்ஸ்லே ஒண்ணுமில்லேப்பா. எழுபத்தொரு வயசாச்சு, கை நடுங்கறது. அதுக்குத்தானே இதை வாங்கினேன்."

அவர் வலது கையை நீட்டி, விரல்களை விரித்து, பார்த்தார். மறுபடி திருகினார். பத்து நாள் கழித்து, காலையில் குளித்துவிட்டு வரும்போது கீழே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பாவின் பெயர் பிச்சுமணி. பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருடம் டிராஃப்ட்ஸ்மேன். பாலம், மதகு, பள்ளிக்கூடக் கட்டடம் என்று எல்லாம் வரைந்திருக்கிறார். கோடு போடுவதும் எழுத்து எழுதுவதும்தான் பிழைப்பு. மளிகைச் சீட்டைக்கூட அச்சடித்தது போல எழுதுவார். அந்தக் கையைத்தான் நடுங்குகிறது என்றேன்.

பறவைப் பைத்தியம் வேலையிலிருந்தே வந்தது. கடல்சுவர் ஒன்றுக்கு அளவெடுக்கப் பூவாருக்குப் போயிருக்கிறார். அங்கே நெய்யாறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல்திட்டு உண்டு. பொழி என்பார்கள். அதில் சின்னச் சின்னப் பறவைகள் எல்லாம் காற்றைப் பார்த்து ஒரே பக்கமாக நின்றனவாம். யாரோ ஸ்கேல் வைத்து அடுக்கின மாதிரி இருந்தது என்பார். ஓய்வு பெற்ற அடுத்த மாதம் ஒரு கேமரா வாங்கினார். சில வருடம் கழித்து, சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் கேமரா பழுது பார்க்கும் கிருஷ்ணகுமாரிடமிருந்து ஒரு பழைய நீள லென்ஸ்.

கிழக்கேகோட்டையிலிருந்து முதல் பஸ். பொழியில் இறங்கி, முழங்கையை ஊன்றித் தவழ்ந்து போவார். அரைமணி நேரம் தவழ்ந்து, பறவை ஃபோகஸுக்கு வரும் நொடியில் சுற்றுலாக்காரர்களின் விசைப்படகு வரும். இல்லாவிட்டால் நாய் வரும். மிஞ்சுவது வெறும் மணல், பாதி வால், பறந்துபோன பறவையின் நிழல். இப்படி ஆயிரக்கணக்கில் படங்கள்.

அமாவாசையன்று நீர் நன்றாக வற்றும். திட்டு அகலமாக வெளியே தெரியும். பறவைகள் நிறைய இறங்கும். ஆனால் அமாவாசையன்றுதான் அப்பா தர்ப்பணம் செய்ய வேண்டும். அதை முடித்து அவர் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது நீர் ஏறியிருக்கும்.

"பித்ருக்கள் காத்துண்டிருப்பா. உப்புக்கொத்தி காத்துண்டிருக்குமா?" என்பார், தர்ப்பையை அவிழ்த்துக்கொண்டே.

"அப்போ அதுக்கே எள்ளும் தண்ணியும் விட்டுட்டு வாங்கோ," என்பாள் அம்மா. அம்மாவின் பெயர் நாகலக்ஷ்மி. அவளுக்கு எல்லாப் பறவையும் கொக்குதான்.

உப்புக்கொத்தி என்பது கைப்பிடியளவு பறவை. செப்டம்பரில் வடக்கேயிருந்து வரும், ஏப்ரலில் திரும்பிப் போகும். மூன்று வருடம் முன்பு அப்படி ஒன்றின் வலது காலில் மஞ்சள் தகடு ஒன்றைப் பார்த்தார். எங்கோ யாரோ பிடித்து, அடையாளம் கட்டி விட்ட பறவை. தகட்டில் மூன்று எழுத்துகள். அதை வாசித்து எழுதினால், எங்கே கட்டினார்கள், எத்தனை வயது, எத்தனை முறை இந்தத் தூரத்தைக் கடந்தது என்பதெல்லாம் தெரியும். அடுத்த வருடமும் அது வந்தது. சற்றே நொண்டுவதை வைத்து அதேதான் என்றார். இந்த முறை பக்கத்திலிருந்தே எடுத்தார். படத்தில் மஞ்சள் தெரிந்தது. எழுத்துகள் பனிக்குள் இருப்பதுபோல் இருந்தன.

தகவல் சேகரிக்கும் வெளிநாட்டு நிலையத்துக்கு அனுப்பினார். ஊகத்தை ஏற்க இயலாது, தெளிவான படம் தேவை என்று பதில் வந்தது. அப்பா கோபப்படவில்லை.

"சரியாத்தானே சொல்லியிருக்கான். ஊகத்திலே பாலம் வரைய முடியுமா?"

அதன்பிறகு அவருக்கு வேறு பறவை இல்லை. அந்த மூன்று எழுத்துகள்தான். படங்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பிழை எங்கே என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். மீட்டிங்குக்கு நடுவில் போனில் பார்த்துவிட்டு, "ஷேக்" என்று ஒரு வார்த்தை பதில் போடுவேன், கை அசைந்துவிட்டது என்று அர்த்தம்.

பதின்மூன்றாம் நாள் கழிந்ததும் அவருடைய கார்டுகளைக் கணினியில் போட்டேன். ஒவ்வொரு படத்தோடும் விவரம் பதிவாகியிருக்கும். கேமரா திறந்து மூடிய நேரம், இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நொடி. எல்லாப் படத்திலும் அதேதான். அந்த வேகத்தில் கை நடுக்கம் படத்தில் விழாது. முக்காலியில் வைத்து எடுத்தவையும் அப்படியே மங்கல். இந்த விவரம் இரண்டரை வருடமாக அந்தப் படங்களிலேயே இருந்தது. நான் திறந்து பார்க்கவில்லை.

அப்பா விட்டபடி கேமராவிலேயே மாட்டியிருந்த லென்ஸை முக்காலியில் பூட்டிச் சுவரில் ஒட்டிய செய்தித்தாளைப் படமெடுத்தேன். பத்து நிமிட வேலை. தலைப்பு தெரிந்தது. கீழே இருந்த எழுத்துகள் கரைந்திருந்தன.

கிருஷ்ணகுமார் லென்ஸின் பின்பக்கமாக டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பிச்சுமணி சாரோட மகன் அல்லே? இது ஃபங்கஸ், பூசணம் இல்ல. உள்ளே எல்லா கண்ணாடியிலும் ஒரு படலம். இது கூட ஏதெங்கிலும் வெச்சிருந்தோ? பாச்சை உருண்டை, கற்பூரம்?"

"தெரியலை."

"சார் ஜனவரியிலே போன் பண்ணியிருந்தார், கேட்டோ. வெள்ளிக்கிழமை லென்ஸ் கொண்டு வராம்னு சொன்னார். நான் சரின்னேன். ஞாயிறு ராத்திரி பின்னெயும் விளிச்சு, வேண்டா, மகன் எஞ்சினியராக்கும், லென்ஸில குழப்பம் இல்ல, என் கைதான்னு சொல்லி போனை வெச்சுட்டார்."

நான் லென்ஸைக் கொடுத்துவிட்டு வந்தேன். எப்போது கிடைக்கும் என்று கேட்க மறந்துவிட்டேன்.

வீட்டில் அப்பாவின் அலமாரியைத் திறந்தேன். லென்ஸ் வைக்கும் எவர்சில்வர் சம்புடம் பட்டு வேஷ்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. மூடியைத் திறந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. அடியில் ஒரு துணி. துணியின் மேல் நான்கு கற்பூர வில்லைகள். கரையத் தொடங்காத, முனை மழுங்காத வில்லைகள்.

"அம்மா, இது யார் வெச்சா?"

"நான்தான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மாத்துவேன். பட்டுக்கு வைக்கறச்சே இதுக்கும் வெச்சுடுன்னு அப்பாதானே சொன்னார், பூசணம் வராதிருக்க. நேத்திக்கும் மாத்தினேன். ஏன், போறாதா?"

மூன்று வருடம் முன்பு, மழைக்காலத்துக்கு முன், இந்த ஊர் ஈரத்தில் லென்ஸில் பூசணம் பிடிக்கும், காற்றுப் புகாத ஈரம் உறிஞ்சும் பெட்டி ஒன்று வாங்கித் தருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னவன் நான். ஆறு மாதம் கேட்டுப் பார்த்தார். "ஆர்டர் போடறேம்ப்பா" என்றேன். போடவில்லை. பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். கைவசம் இருந்ததைக் கொண்டு அவரே ஒரு வழி செய்திருக்கிறார். மூடிய சம்புடத்துக்குள் கற்பூரம் ஆவியாகி, லென்ஸுக்குள் புகுந்து, கண்ணாடிகளில் படிந்திருக்கிறது. வாரம் தவறாமல், இரண்டரை வருடம்.

"போறும்மா," என்றேன். "இனிமே மாத்த வேண்டாம். பெட்டி ஒண்ணு வாங்கறேன்."

"கடைக்காரன் என்ன சொன்னான்?"

"லென்ஸ் பழசாயிடுத்தாம்."

"அப்பவே சொன்னேன் அவர்கிட்டே, பழசு வாங்காதேங்கோன்னு. கேட்டாத்தானே."

அன்றைக்கே பெட்டிக்கு ஆர்டர் போட்டேன். மூன்றாம் நாள் வந்துவிட்டது.

கிருஷ்ணகுமார் துடைத்துச் சரிசெய்த லென்ஸ் கைக்குக் கிடைக்க மார்ச் முடிந்துவிட்டது. மறுபடி செய்தித்தாளைப் படமெடுத்தேன். கடைசி வரி வரை கூர்மை. ஏப்ரலில் இரண்டு ஞாயிறு முதல் பஸ்ஸில் பூவார் போனேன். தவழ்ந்தேன். முழங்கை தோல் உரிந்தது. விசைப்படகு வந்தது, நாய் வந்தது. முதல் ஞாயிறு ஏழெட்டு உப்புக்கொத்திகள் இருந்தன. எதற்கும் தகடு இல்லை. அடுத்த ஞாயிறு திட்டில் மணல் மட்டும்தான்.

அப்பாவின் பழைய படங்களில் இருந்து எழுத்துகளை மீட்க முடியுமா என்று எனக்குத் தெரிந்த மென்பொருள் எல்லாவற்றையும் ஓட்டினேன். முதலாவது கே அல்லது எக்ஸ். நடுவில் இருப்பது நிச்சயமாக ஏ. கடைசியில் ஓர் எண், மூன்றாக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். நான்கு சாத்தியங்கள்.

அவருடைய மின்னஞ்சலில் அந்த நிலையத்துக்கு எழுதி, அனுப்பாமல் வைத்த கடிதம் ஒன்று இருக்கிறது. விழுவதற்கு முந்தின நாள் மாலை எழுதியது. படிவத்தை வரிசை மாறாமல் நிரப்பியிருக்கிறார். இடம், பூவார் பொழி. பறவை, உப்புக்கொத்தி. தகடு, மஞ்சள், வலது கால். பார்த்தவர், பிச்சுமணி, திருவனந்தபுரம். கீழே ஒரு குறிப்பு: புதிய முக்காலி வந்திருக்கிறது, இந்த வாரம் படம் அனுப்புகிறேன்.

எழுத்துகள் என்ற இடத்துக்கு நேரே ஒன்றும் இல்லை. நானும் ஒன்றும் எழுதவில்லை.