கார்புரேட்டர் மாட்டிய காரில் மீஞ்சூருக்கு

என் காரின் மூளை வெள்ளத்தில் செத்துப்போனது. முப்பத்தாறு வருடமாக நான் அது இல்லாமல்தானே ஓடிக்கொண்டிருக்கிறேன், காருக்கு மட்டும் எதற்கு என்று முதலில் தோன்றியது. ஆனால் இஞ்செக்டர் வண்டியில் எவ்வளவு பெட்ரோல் எப்போது போகவேண்டும் என்று தீர்மானிப்பதே அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிதான். விம்கோ நகரில் எங்கள் தெருவில் இடுப்பளவு நின்ற தண்ணீர், எண்ணெய் மினுமினுப்போடு, இரண்டு நாள் அதற்குள் குடியிருந்துவிட்டுப் போனது. அந்த மாடலுக்கு வேறு பெட்டி எங்கும் கிடைக்கவில்லை.

மெக்கானிக் என்னோடு படித்தவன். திருவொற்றியூரில் தண்டவாளத்தை ஒட்டி ஷெட் போட்டிருக்கிறான். "மாமு, இதே இஞ்சினு முன்ன கார்புரேட்டர் வச்சு வந்துகினு இருந்துச்சு. புதுப்பேட்ட பழைய பார்ட்ஸ் கடைல ஒண்ணு புடிச்சு மாட்டிடலாம். பொட்டியும் வாணாம், பேஜாரும் வாணாம்" என்றான். பிடித்தான், மாட்டினான். பேஜார் பெட்ரோல் வழியாக வந்தது.

டாங்கிக்குள் இருந்த பம்ப் இஞ்செக்டருக்காகச் செய்தது. பீய்ச்சி அடிக்கும். கார்புரேட்டருக்கோ கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவதுபோல் மெதுவாகக் கொடுக்கவேண்டும். வேகமாகக் கொடுத்தால் உள்ளே இருக்கும் மிதவை தாங்காது; பெட்ரோல் பொங்கி, கொதிக்கும் இஞ்சின்மேல் வழியும். அதனால் நடுவில் வேகத்தைக் குறைக்க ஒரு ரெகுலேட்டரும், மிச்சத்தை டாங்கிக்கே திருப்பி அனுப்ப ஒரு குழாயும் போட்டான். ரெகுலேட்டர் யாரோ கழற்றிப் போட்ட பழசு.

"நைனா, நல்லா கேட்டுக்க. இந்த ரெகுலேட்டர் மேல எனுக்கு நம்பிக்க இல்ல. திங்கக்கெழம புச்சு வருது. இன்னொண்ணு, முன்னெல்லாம் இஞ்சின் நின்னா பொட்டி பம்ப்ப நிறுத்திடும். இப்பதான் பொட்டியே இல்லியே. சாவி போட்டு வச்சீன்னா அது பாட்டுக்கு பெட்ரோல தள்ளிகினே கீது. நான் சொல்றவரிக்கும் வண்டிய ஷெட்ட வுட்டு எடுக்காத."

"தள்ளிகினே இருக்கறது நல்ல கொணம்தான்டா. எம் மாமியாருக்கும் அதே கொணம்" என்று சொல்லி நானே சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. என் மொக்கைக்கெல்லாம் முப்பது வருடமாகச் சிரித்துவந்தவன், துணியில் கையைத் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவிக்கு வளைகாப்பு. எட்டு வருடத்தில் இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாக நின்ற கரு. அவள் படி ஏறினால்கூட நான் பின்னால் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நிற்பேன். விழா முடிந்ததும் மீஞ்சூரில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். அவளுடைய அக்காள் கணவர், என் சகலை, ஈரோட்டிலிருந்து வந்திருந்தார். வெளுத்த சட்டை, அடக்கமான பேச்சு. எனக்கு எரிச்சலைக் கிளப்ப இந்த இரண்டுமே போதும்.

"டாக்சி கூப்பிட்டுரட்டுங்களா சகல?" என்றார்.

நல்ல மனதோடுதான் கேட்டார். என் காதில் மட்டும் அது வேறு மாதிரி விழுந்தது. "எதுக்கு? வண்டி ரெடியாத்தான் கீது" என்றேன். மெக்கானிக் கல்யாணம் ஒன்றுக்குக் காஞ்சிபுரம் போயிருந்தான். ஷெட்டில் சாவி எந்த டப்பாவுக்குள் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மணலி தாண்டும்வரை எல்லாம் சரியாக இருந்தது. பின்சீட்டில் மனைவி இரண்டு கையிலும் வளையல் அடுக்கி, வயிற்றின்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வளையல் குலுங்கியது. வெளியே பட்டப்பகலில் எண்ணெய் ஆலைப் புகைபோக்கி ஒன்றின் உச்சியில் தீ நாக்கு ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்சீட்டில் என் பக்கத்திலிருந்த சகலை மட்டும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பொன்னேரி நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். முன்னால் ஒரு மதில், பின்னால் ஒரு மதில். கார் ஒருமுறை இருமி நின்றது. மறுபடி கிளப்பினேன், பின்னால் கறுப்பாகப் புகை கக்கியது.

"ஏனுங்க சகல, பெட்ரோல் வாசம் அடிக்குதுங்களே" என்றார்.

"சகல, இது எங்கூரு காத்து. மணலில கேஸு, எண்ணூர்ல சாம்பலு, காசிமேட்ல மீனு. கண்ணக் கட்டி வுட்டாலும் வாசத்த வச்சே வூட்டுக்குப் போயிடுவேன்."

மனைவி சகலையைப் பார்த்துச் சிரித்தாள். "மாமா, இங்க பொறந்த கொயந்தைங்கோ பாலுக்கு முன்ன இதத்தான் குடிக்கும். கண்ணாடிய ஏத்திக்கோங்க."

ஏற்றிக்கொண்டோம். வெளியே இருந்து வாசம் வராமல் தடுக்க நாலு கண்ணாடியையும் ஏற்றினோம். வாசம் குறையவில்லை. பக்கத்து லாரி டிரைவர் பீடியை உறிஞ்சிவிட்டுத் துண்டை எங்கள் பானட்டுக்கு ஒரு முழம் தள்ளிச் சுண்டினார். சகலை கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி, என்னைப் பார்த்தார். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

மீஞ்சூரில் மாமியார் வீட்டு வாசலில் பிரேக்கை அழுத்தியதும் இஞ்சின் தானாகவே நின்றது. நல்லதாகப் போயிற்று, அணைக்கும் வேலை மிச்சம் என்று நினைத்தேன். ரேடியோவை மட்டும் அணைத்து, சாவியை அப்படியே விட்டுவிட்டு, ஓடிப்போய் மனைவிக்குக் கதவைத் திறந்தேன். அவள் ஒரு காலை வெளியே வைத்தாள். அதற்குள், விழாவிலிருந்து எங்களுக்கு முன்பே திரும்பியிருந்த மாமியார் ஆரத்தித் தட்டோடு வந்துவிட்டார். மகள் நடக்கக் கூடாது என்று அவரே காருக்குப் பக்கத்தில் வந்தார். வெற்றிலைமேல் கற்பூரம் எரிந்தது. பின்னால் நாலைந்து பெண்கள், அவர்களைச் சுற்றிப் பிள்ளைகள்.

"அத்தை, நில்லுங்க!"

சகலை இப்படிக் கத்தி அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. பாய்ந்துவந்து தட்டைப் பிடுங்கித் தெருவின் அந்தப் பக்கம் வீசினார். ஆரத்திச் செந்நீர் அவர் வெள்ளைச் சட்டை முழுக்க வழிந்தது. கற்பூரம் புழுதியில் உருண்டு, தனியாக எரிந்தது.

"அட பாவி! வாயும் வயிறுமா நிக்கறா, ஆரத்திய தட்டி வுட்டியே, நீயெல்லாம் மனுசனா?" மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். ஒரு பெண் அழவே தொடங்கினாள்.

சகலை காரின் அடியைக் காட்டினார். முன்சக்கரங்களுக்கு நடுவே மண் கறுத்து, ஈரம் மனைவியின் செருப்பு வரை வந்திருந்தது. சொட்டு இல்லை, ஒழுக்கு. எல்லோரும் வாயை மூடிக்கொண்ட அந்த நேரத்தில், பின்சீட்டுக்கு அடியிலிருந்து பம்ப் ரீங்காரமிடுவது தெளிவாகக் கேட்டது. ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினேன். அது கைநழுவிக் கீழே அந்த ஈரத்திலேயே விழுந்தது.

சகலை என் மனைவியைக் கைத்தாங்கலாகப் பிடித்து, எதிர்வீட்டுப் படியில் உட்காரவைத்தார். தெருவில் எல்லாரையும் தள்ளிப்போகச் சொன்னார். நான் மண்ணை அள்ளிக் கற்பூரத்தின்மேல் போட்டேன். அது அணைந்த பிறகும் போட்டுக்கொண்டிருந்தேன்.

மனைவி என்னைக் கூப்பிட்டாள். போனேன்.

"ஒனுக்கு வாசம் வர்ல?"

சொல்வதற்கு இரண்டு ஜோக் தயாராக இருந்தது. அவள் இரண்டு கையும் வயிற்றை இறுக்கிப் பிடித்திருந்ததில் ஒரு வளையல் உடைந்து, மணிக்கட்டில் ரத்தம் கோடாக வந்திருந்தது.

"வந்துச்சு" என்றேன். "அவுரு சொல்றதுக்கு முன்னாடியே, மணலி தாண்டினதுமே வந்துச்சு."

அவள் எழுந்து, சகலையின் தோளைப் பிடித்துக்கொண்டு, காரைச் சுற்றி அகலமாக நடந்து அம்மா வீட்டுக்குள் போனாள்.