எலியாசர் சொன்ன வழி

எலியாசர் கரிசெப் இருபத்தேழு வருஷம் பெட்ரோல் போட்டவர். நமீப் பாலைவனத்து மண்சாலையில் முன்னும் பின்னும் நூறு கிலோமீட்டருக்கு வேறு பங்க் கிடையாது. கடற்கரைக்குப் போகிற எவரும் அவரிடம் நின்றே ஆகவேண்டும். நின்றவர் அவருடைய யோசனையைக் கேட்டே ஆகவேண்டும். கணவாயில் எந்த வளைவில் வேகத்தைக் குறைப்பது, எந்த ஆற்றுப்படுகையில் இறங்கினால் ஒரு மணி நேரம் மிச்சம், எல்லாம் சொல்வார். வழி தவறியவர்கள் வேறு சாலையில் ஊர் திரும்பிவிடுவதால் புகார் என்று ஒன்றும் வந்ததில்லை.

ஒரே ஒரு சங்கதிதான். அந்தச் சாலையில் அவர் போனதே கிடையாது. வீட்டிலிருந்து பங்க்குக்கு இருநூறு அடி. அவருடைய பயணமெல்லாம் அவ்வளவுதான்.

கடற்கரை நகரமான வால்விஸ் பேயில் மகள் பெலீசியாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று செய்தி வந்தபோது தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. மனைவி ஜுஸ்தீனா செம்மறிப் பண்ணையில் வண்டி ஓட்டுகிறவள். பண்ணையின் பழைய பிக்கப் வண்டியை இரவல் வாங்கிவந்தாள். எலியாசர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் ஏறினார்.

"கவலைப்படாதே ஜுஸ்தீனா, நான் இருக்கேன்ல."

"அதான் கவலையே."

முதல் இரண்டு மணி நேரத்தில் அவர் சொன்ன மூன்று வளைவுகள் வரவில்லை; சொல்லாத ஐந்து வந்தன. சாலையை மாற்றிவிட்டார்கள் என்றார்.

"மலையையுமா மாத்திட்டாங்க?" என்றாள் அவள்.

வறண்டு கிடந்த குய்செப் ஆற்றுப்படுகையில் ஒரு வெள்ளைக் கார் அச்சுவரை மணலில் புதைந்து கிடந்தது. பக்கத்தில் வெயிலில் சிவந்துபோன ஒரு வயதான ஜெர்மன் தம்பதி. எலியாசருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முந்தைய நாள் காலை டாங்க்கை நிரப்பிவிட்டு, 'படுகையில் இறங்குங்க, ஒரு மணி நேரம் மிச்சம்' என்று கையாட்டி அனுப்பியவர் அவரேதான். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுத் தூங்குவதுபோல் சாய்ந்தார்.

ஜுஸ்தீனா வண்டியை நிறுத்தினாள். இறங்கி, மணலில் பிடிப்புக் கிடைப்பதற்காகக் காரின் நான்கு சக்கரங்களிலும் பாதிக் காற்றை இறக்கினாள். அடியில் கிடந்த மணலைத் தோண்டி, கயிறு கட்டி, பத்து நிமிஷத்தில் வெளியே இழுத்துவிட்டாள். நன்றி சொல்ல ஜன்னலருகே வந்த கிழவி உள்ளே குனிந்து பார்த்தாள்.

"ஐயோ, பங்க்காரர்! ஹார்ட்மூட், இங்க வா, அவரேதான்!"

இனித் தூங்கிப் பயனில்லை. எலியாசர் திட்டு வாங்கத் தயாராக இறங்கினார். ஹார்ட்மூட் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். வண்டி மாட்டியதால் இரவு அங்கேயே தங்கினார்களாம். விடியற்காலையில் நாற்பது வரிக்குதிரைகள் தண்ணீர்க் குழியைத் தேடி அவர்களைச் சுற்றி நடந்தனவாம். ஹார்ட்மூட்டின் கண்ணில் தண்ணீர்.

"இதை எந்தப் புத்தகமும் சொல்லலை. நீங்க மட்டும்தான் சொன்னீங்க!"

"எல்லாருக்கும் சொல்றதில்லை," என்றார் எலியாசர் அடக்கமாக, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டே.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த ஜுஸ்தீனா அதை அப்படியே வண்டிக்குள் அவர் மடிமேல் வீசினாள். அடுத்த ஐம்பது கிலோமீட்டருக்கு அவள் வாயே திறக்கவில்லை. அவர் மூடவில்லை.

மூடவைத்தது கடல்தான். கடைசிச் சமவெளியில் வெயில் திடீரென அணைந்து, பனிமூட்டம் கண்ணாடியில் வந்து ஒட்டியது. ஜுஸ்தீனா கரையோரம் நிறுத்தினாள். சாம்பல் நிறத்தில் இரைகிற அது எங்கே முடிகிறது என்று எலியாசருக்குப் புரியவில்லை. ஜூலை மாதம், அங்கே குளிர்காலம். அரைக்கை சட்டையோடு இறங்கிப்போய் முழங்கால்வரை நின்றார். பல் கிட்டிப்போயிற்று.

"எப்படி இருக்கு?" என்று கரையிலிருந்து கத்தினாள்.

நடுங்கிக்கொண்டே திரும்பினார். "பெரிசா இருக்கு, ஜுஸ்தீனா," என்றார். அவள் தன் கம்பளிச் சால்வையைக் கொண்டுபோய் அவர் தோளில் போட்டாள்.

தேவாலயம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் மகள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். பெலீசியா குழந்தையை அப்பாவின் மடியில் வைத்து, "வழியெல்லாம் எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள். உறவினர் கூட்டம் தட்டுகளோடு நீண்ட பிரசங்கத்துக்குத் தயாரானது.

"அம்மாகிட்ட கேளு. அவதான் ஓட்டினா," என்றார் எலியாசர்.

ஜுஸ்தீனா நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். இரண்டு இடத்தில்தான் அவர் திருத்தினார்.