பங்காளிகளுக்கு நடுவே போகாத ஒயர்

வெள்ளிக்கிழமை காலை, சிட்லபாக்கம் வீட்டில் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மாடம்பாக்கத்தில் நிலத்தகராறு, தணிகைவேலின் பெரியப்பா பிள்ளைகள் இருவர் கடப்பாரையோடு மோதிக்கொண்டார்கள், விலக்கிவிடப் போன அவர் மண்டையில் அடி விழுந்து, அந்த இடத்திலேயே போய்விட்டார் என்றார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தணிகைவேல் என் வாயை உடைத்தவர். அவரைப் போல வேலை தெரிந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் சர்வர் அறையில் இருவரும் வேலை பார்த்தோம். நான் டீம் லீடர். ஸ்கேன் படங்களெல்லாம் இருந்த டிஸ்க்குகளுக்கும் சர்வர்களுக்கும் நடுவே இரண்டு தனித்தனி இணைப்பு வலைகள் உண்டு. ஃபேப்ரிக் ஏ, ஃபேப்ரிக் பி என்போம். ஒன்று படுத்தால் மற்றது தாங்கும். தணிகைவேல் மட்டும் அவற்றைப் பங்காளிகள் என்பார்.

"ரெண்டும் கோர்ட்டுக்குப் போன பங்காளிங்க சார். நல்லது கெட்டதுக்குக்கூட பேச்சுவார்த்தை கெடையாது. நடுவுல ஒரு ஒயர் போச்சுன்னு வையி, ரெண்டு வூடும் சேர்ந்து எரியும்."

கோபக்காரர். தப்பான லேபிள் ஒட்டிய ஒப்பந்தக்காரரைச் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம், கேபிள்களை இணைக்கும் பழைய ஸ்விட்ச் பெட்டிகளில் இடம் தீர்ந்து, புதிதாக இரண்டு வாங்கினோம். ஒரு ஞாயிறு காலை இணைப்பு வேலை. ஒன்று ஏ-வுக்கு, இன்னொன்று பி-க்கு. ஏ-வில் சேர்த்து, எல்லா சர்வரும் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகே பி-யைத் தொட வேண்டும். ஏ நல்லபடியாக முடிந்தது. கையில் ஒரு கேபிள் மிச்சம் இருந்தது. இருக்கட்டுமே, கூடுதல் பாதுகாப்புதானே என்று நினைத்தேன். மண்டைக்கனம், வேறென்ன? ஒரு முனையை ஏ-யின் புது ஸ்விட்சில் செருகி, மறுமுனையை பி-யின் ஸ்விட்சுக்குக் கொண்டுபோனேன்.

சர்வர்களை அடுக்கிய ரேக்குக்கு அந்தப் பக்கம் இருந்த தணிகைவேல் கத்தியிருக்கிறார். ஏசி இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. ஓடி வந்து விட்டார் ஒரு குத்து. ரேக் கதவில் தலை மோதி விழுந்தேன். வாயெல்லாம் ரத்தம். எழுந்து அவர் வயிற்றில் உதைத்தேன். அவர் திருப்பி அடிக்கவில்லை; கேபிளைப் பிடுங்கித் தூர எறிந்தார்.

"மேல ரெண்டு பேர அறுத்துப் போட்டு வச்சிகீறாங்க சார்! படம் நின்னு போச்சுன்னா டாக்டரு இன்னாத்த பாப்பாரு?"

விசாரணையில், காரணமே இல்லாமல் அடித்தார் என்றேன். கேபிள் உள்ளே போகவில்லை, எதுவும் நிற்கவில்லை. அதனால் அவர் சொன்னதற்கு ஆதாரமும் இல்லை. "போயிருந்தா உங்களுக்கெல்லாம் புரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வேலைநீக்கக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போனார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் கேம்ப் ரோடில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். போன வருடம் தாம்பரம் ஸ்டேஷனில் எதிரே வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே கேட்டார்: "பங்காளிங்க தனித்தனியாத்தானே கீறாங்க?"

ஆமாம் என்றேன்.

"அது போதும் சார்" என்று ரயிலேறிவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாவுச் செய்தி வந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டியில் கிடந்தவரின் தலைமாட்டில் இருந்த மனைவி கஸ்தூரிக்கு என்னை யாரென்று தெரியாது.

"கைய அடக்கு, எதுலயும் பூந்து நிக்காதன்னு தலையா அடிச்சிக்கினேன் சார். சும்மா இருந்த ஒருத்தர ஆஸ்பத்திரில அடிச்சி வேலைய தொலைச்சாரு. இப்ப உசுரையும் தொலைச்சிட்டாரு."

"அவர் சும்மா அடிக்கலைம்மா. அடி வாங்கினது நான்தான். தப்பு என்னோடது. விசாரணையில பொய் சொன்னேன்."

கஸ்தூரி எழுந்து என் சட்டையைப் பிடித்தார். முகத்திலும் மார்பிலும் மாறி மாறி அறைந்தார். இழுக்க வந்தவர்களிடம், விடுங்கள் என்றேன். அடித்து ஓய்ந்தவர் ஐஸ் பெட்டியின் மேல் விழுந்து, கண்ணாடியைக் கையால் குத்தினார்.

"என்னாண்ட சொன்னியேய்யா! நான் நம்பலியே! நாலு வருஷமா ரௌடி ரௌடின்னு ஏசிகினு இருந்தேனே!"

தணிகைவேல், நீங்கள் சொன்னது உண்மை என்று உங்கள் வீட்டில் சொல்லிவிட்டேன். உங்கள் காது கேட்கும் காலத்தில் சொல்லவில்லை. போய் வாருங்கள்.