வெற்றிலை இடித்துக் கொடுத்தவர்

குரும்பலூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்சாக இருக்கிறேன். போன வருஷம் மழை விட்ட சமயத்தில் அங்கே ஒவ்வொருவராக வயிற்றால் போய்ப் படுத்தார்கள். நாலாம் நாள் ஏழு பேர். அதில் ஒரு பெரியவர் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சிறுநீரே பிரியாமல் கிடந்தார். பிழைப்பாரா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் அகப்படுவது சமையல்காரர்தான். அன்றும் அவரை வறுத்தெடுத்தேன். தொட்டியைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டோம், குடிநீரைக் கொதிக்க வைத்தோம். மறுநாள் இன்னும் இரண்டு பேர். நோட்டும் கையுமாக அறை அறையாகப் போய்க் கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்றே எல்லோரும் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று பயம்.

துப்புரவு வேலை பார்க்கும் பெண்தான் அழுக்குத் துணி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அக்கா, வெத்தல போடாதவங்க துணி ஒண்ணுகூட எனக்கு அலச வரல."

எனக்குச் சுரீரென்றது. பல்லில்லாதவர்களுக்கெல்லாம் அங்கே ஒரே உரல். தா.பழூரிலிருந்து வந்து சேர்ந்த ஓர் அம்மா, மதியச் சாப்பாடு முடிந்ததும் அதில் வெற்றிலை இடித்து, விரலால் வழித்து உருட்டி, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வைப்பார். அவருக்கு இருந்த மரியாதை அத்தனையும் அந்த உருண்டையில்தான். அவரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். முதலில் வயிற்றால் போனது தனக்குத்தான் என்றார். இடிக்க விடமாட்டோம் என்று மறைத்திருக்கிறார். பெரியவர் பிழைத்துவிடுவாரா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

தனியறைக்குப் போகச் சொன்னேன். அவர் நேரே கூடத்துக்குப் போய், யாரையும் நெருங்காமல் வாசற்படியிலேயே நின்றார்.

"என் கையாலதான் வந்துச்சு. வயித்தால போனத சொல்லாம இடிச்சுக் குடுத்துட்டேன். ஒங்கள்ல யாருக்காச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

வசவு வாங்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சுவரோரம் இருந்த ஒருவர் மெல்லக் கையைத் தூக்கினார். பிறகு இன்னொருவர். அவருக்குப் பின்னால் ஓர் அம்மா. இத்தனை நாள் நோட்டை வைத்துக்கொண்டு என்னால் கறக்க முடியாததை, வெற்றிலை இடித்த அந்த அம்மா நின்ற இடத்திலிருந்தே வாங்கிவிட்டார். அவ்வளவு பெரிய மனசை அதற்கு முன் நான் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

அன்றே கை தூக்கிய நாலு பேரைப் பிரித்து வைத்தோம். அதற்குப் பிறகு புதிதாக யாரும் படுக்கவில்லை. பெரியவரும் பிழைத்து ஆட்டோவில் வந்து இறங்கினார்.

நாலாவதாக எழுந்த கை என்னுடையது. நானும் தினம் ஓர் உருண்டை வாங்கிப் போட்டுக்கொள்கிறவள்தான். முந்தின நாளிலிருந்து எனக்கும் போய்க்கொண்டிருந்தது. வேலைக்கு ஆள் இல்லையே என்று மாத்திரையை விழுங்கிவிட்டு, எல்லோருக்கும் நாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.