பிடி அரிசித் தூக்கு

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் வந்தால் எங்கள் சபையில் எல்லா வீட்டு அடுப்படிக்கும் ஒரு தூக்குவாளி வந்துவிடும். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போட வேண்டும். சாப்பிடுவதில் குறைத்துக் கொடுப்பதுதான் காணிக்கை, மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டால் அது காணிக்கையே இல்லை என்பாள் அம்மா. ஞாயிறன்று அதைக் கோயிலுக்கு எடுத்துப்போய்ப் பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சாக்கில் கொட்டுவோம். பெரிய வெள்ளியன்று ஆராதனை முடிந்ததும் அந்த அரிசியில்தான் சபைக்கே கஞ்சி.

எனக்குப் பதின்மூன்று வயதான வருஷம் தூக்குவாளியின் பொறுப்பு அண்ணிக்குப் போனது. அண்ணி கும்பகோணத்தில் வெற்றிலைக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பெண். அண்ணனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தாள். பிறந்த வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஈஸ்டரில் ஞானஸ்நானம் வாங்கி, அண்ணனோடு சேர்ந்து, பீடத்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு ஒரே ஆசை. அதற்காகச் சித்தப்பா நடத்திய வாலிபர் வகுப்பில் எங்களோடு பாயில் உட்கார்ந்து ஜெபங்களை மனப்பாடம் செய்தாள். அம்மாவுக்குத்தான் சந்தேகம். புருஷனுக்காக வந்தவள் கர்த்தருக்காகவும் வருவாளா என்று பார்க்க அம்மா வைத்த பரீட்சை அந்தத் தூக்குவாளி.

அந்தப் பரீட்சையில் மண்ணை அள்ளிப் போட்டது நான்.

சம்பா அறுவடை முடிந்திருந்த சமயம். ஐஸ் வண்டிக்காரர் காசுக்குப் பதிலாக நெல்லும் வாங்கிக்கொள்வார். எங்கள் நெல்லெல்லாம் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. கைக்கெட்டும் இடத்தில் இருந்தது தூக்குவாளி மட்டும்தான். ஒருநாள் கிண்ணத்தில் கொஞ்சம் அரிசி அள்ளிக்கொண்டு ஓடினேன். நெல்லுக்குப் பதில் அரிசியே வந்த சந்தோஷத்தில் அவர் சேமியா ஐஸ் இரண்டாகக் கொடுத்தார். அதன்பிறகு வண்டி மணி கேட்டாலே என் கால்கள் தாமாக அடுப்படிக்குப் போயின. தின்று முடித்த குச்சிகளை யார் கண்ணிலும் படாமல் வைக்கோல் போருக்குள் செருகிவைத்தேன். மாட்டுக்குத் தினமும் வைக்கோல் பிடுங்கிப் போடுகிறவள் அண்ணி என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு கெட்டிக்காரி நான்.

ஞாயிறன்று அம்மா தூக்கைச் சாக்கில் கவிழ்த்தபோது பாதிகூட விழவில்லை. பின்னால் காத்திருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"ஏம்மா, ஒரு பிடி அரிசி போடக்கூடவா மனசு வரல?" என்றாள் அம்மா.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இனிமே சரியா போடறேன் அத்தை" என்றாள். நான் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் வாலிபர் வகுப்பு. சித்தப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பாவநிவாரணத்தையும் கணக்கு மாதிரியே நடத்துவார்.

"பெஞ்சு மேல ஏறி நிக்க வேண்டியது நீ. உனக்குப் பதிலா இன்னொருத்தர் ஏறி நிக்கிறாரு. அவரு ஒரு தப்பும் பண்ணல. ஆனா நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல. சிலுவைன்னா அதுதான்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சித்தப்பாவுக்கு அப்படியொரு பூரிப்பு. "பாருங்க, புள்ள பாவத்தை உணர்ந்து அழுவுது. இதுக்குப் பேருதான் மனந்திரும்புதல்" என்று எல்லாரையும் முழங்காலிட வைத்தார். நான் சத்தமாக ஜெபித்தேன். எந்தப் பாவம் என்பதை மட்டும் சொல்லாமல் மற்றதெல்லாம் சொன்னேன். ஆமென் போட்ட பிறகு சித்தப்பா, "அழுதா மட்டும் போதாது. யாருக்குத் தப்பு செஞ்சோமோ அவங்ககிட்ட..." என்று ஆரம்பித்தார். அதற்குள் டீயும் முறுக்கும் வந்துவிட்டன. மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

அண்ணி தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். வாய்க்கால் கரையோடு இருவரும் வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் அண்ணி திடீரென்று கேட்டாள்.

"சேமியா ஐஸா, பால் ஐஸா?"

"சேமியா" என்றேன். பொய் சொல்லக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

அண்ணி சிரித்துவிட்டாள். "எனக்கும் அதான் புடிக்கும். அத்தைகிட்ட சொல்லிடறியா பாப்பா?"

"இயேசப்பாதான் மன்னிச்சிட்டாருல்ல அண்ணி. அப்புறம் எதுக்கு சொல்லணும்?"

அண்ணி கொஞ்சம் யோசித்தாள். "அப்படியா? அப்ப சரி" என்றாள். பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த வாரம் முழுக்க ராத்திரிச் சோற்றுக்கு அண்ணி உட்காரவில்லை. பசிக்கல என்றாள். லெந்துக்காக உபவாசம் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவள் பங்கு அப்பளத்தையும் நானே தின்றேன். அடுத்த ஞாயிறு தூக்குவாளி மூடி மூடாத அளவுக்கு நிறைந்திருந்தது. என் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று எனக்குச் சந்தோஷம். அம்மாவோ அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு அண்ணனிடம், "பாத்தியா, சொன்ன பிறகுதான் கை வருது. ஞானஸ்நானத்துக்கு என்ன அவசரம்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டாள். வாயைத் திறக்க வேண்டியவள் நான். திறக்கவில்லை.

ஈஸ்டர் அன்று திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து முன்னால் போனார்கள். அண்ணனும் தனியாகப் போய் முழங்காலிட்டான். எங்கள் பாயில் நானும் அண்ணியும்தான் மிச்சம். அண்ணி முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். திருவிருந்து வாங்கும் வயது வராததால் ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்தில் தனியாக விடப்படுகிற எனக்கு அன்றைக்குத் துணை கிடைத்துவிட்டது. "அண்ணி, நீங்க அடுத்த வருஷமும் என்கூடயே இருங்க" என்று சந்தோஷமாக அவள் மடியில் சாய்ந்துகொண்டேன்.